கட்டம் போட்ட கைலி

சிப்பாய் துப்பாக்கியை ஜன்னலை நோக்கி உயர்த்தினான். திரைக்குப் பின்னால் தின்ஸார் நின்றிருந்தாள்.

அவன் குறி ஜன்னல் அல்ல, அதன் முன்னால் தெருவின் குறுக்கே கட்டி, பெண்களின் கைலிகளைத் தொங்கவிட்டிருந்த துணிக்கொடி. ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, ரங்கூனில் அந்த மாதம் தெருவுக்குத் தெரு இப்படித்தான். பெண் கட்டிய கைலிக்கு அடியில் நுழைந்தால் ஆணுக்குப் பலம் போய்விடும், படைக்குப் போகிறவன் உயிரோடு திரும்ப மாட்டான் என்பது நம்பிக்கை.

"ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது" என்பது போராடிய மாணவர்களின் கட்டுப்பாடு. காலையிலிருந்து ரோட்டில் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தவர்கள், ராணுவ லாரியைப் பார்த்ததும் இந்தத் தெருவுக்குள் ஓடிவந்தார்கள். இப்போது பின்சந்தில் சுவர் ஏறித் தப்பிக்கொண்டிருந்தார்கள். தின்ஸாரின் அண்ணன் மின் கோ மற்றவர்களைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தான். அவன்தான் கடைசி.

"நீயும்தானே அதுக்கு அடியில போற, உன் பலம் என்னாகும்ணே?" என்று கொஞ்சம் முன்னால் அவள் கேட்டிருந்தாள்.

"இருந்தாத்தானே போறதுக்கு? அவனுங்க லாரி நின்னா போதும்" என்று சிரித்துவிட்டு ஓடியிருந்தான்.

லாரி தள்ளியே நின்றது. "எங்கயாவது வழி இருக்கா பாருடா" என்றார் அதிகாரி, தலையை வெளியே நீட்டாமலே.

சிப்பாய்க்கு அண்ணன் வயதுதான் இருக்கும். துப்பாக்கி முனையால் ஒவ்வொன்றாகச் சுட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். பூப்போட்டது, கொடி போட்டது, மறுபடியும் பூ. பிறகு முனை ஓரிடத்தில் நின்றது.

தின்ஸாரும் அப்போதுதான் பார்த்தாள். நட்டநடுவில் அப்பாவின் கட்டம் போட்ட கைலி. அவசரத்தில் அவள்தான் அதையும் சேர்த்து அள்ளிவந்து மாட்டியிருக்கிறாள். கட்டம் ஆண்கள் கட்டுவது என்று பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதன் அடியில் ஒரு படையே வரிசையாக நடந்து போகலாம்.

'அண்ணனை நானே பிடித்துக் கொடுத்துவிட்டேன்' என்று நினைத்தபோது அவள் திரையை இறுகப் பற்றினாள்.

சிப்பாய் அந்தக் கைலியை ஏற இறங்கப் பார்த்தான். திரை அசைந்திருக்க வேண்டும், ஜன்னலையும் பார்த்தான். பிறகு லாரிக்கும் கைலிக்கும் நடுவில், அதை மறைத்தாற்போல் வந்து நின்றான். பின்சந்தில் யாரோ சுவரில் சறுக்கி விழும் சத்தம் கேட்டது.

"என்னடா மரம் மாதிரி நிக்கிற? ஆம்பளைத் துணி ஏதாவது இருக்கா?"

தின்ஸார் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இல்ல சார். எல்லாமே பொம்பளைங்க கைலிதான்."