நாலு குட்டிக்கும் ஊசி

"சனியனுங்களே, அசையாம கெடங்க!" என்று மடியிலிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்துச் சீறினாள் வேணி. உள்ளே நாலு நாய்க்குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. ஒன்று தலையை நீட்டி அவள் விரலை நக்கப் பார்க்க, வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

திண்டிவனத்தில் டாக்டர் பரிமளாவின் கால்நடை கிளினிக்கில் அன்று நல்ல கூட்டம். பக்கத்து நாற்காலியில் பொமரேனியனோடு உட்கார்ந்திருந்த அரிபிரசாத்துக்குப் பொறுக்கவில்லை. நாயைப் பெற்ற பிள்ளையாக வளர்க்கிற மனுஷன், கோபம் வரத்தானே செய்யும்?

"புடிக்கலன்னா எதுக்கும்மா வளக்குறீங்க?"

"எம் புள்ள ஆசப்பட்டு வளத்ததுங்க."

"அதான பாத்தேன். பசங்க தூக்கிக்கினு வந்துடுவானுங்க, அப்பறம் அம்மா தலையில கட்டிட்டு வெளையாடப் போயிடுவானுங்க!"

வேணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயிலில் பஸ் ஏறி வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டார் அரிபிரசாத்.

கிளினிக் உதவியாளர் விருத்தாசலம் வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாலும் நாட்டு நாயா? என்னா பண்ணணும்?"

"ஒலக்கூருலேர்ந்து வர்றேங்க. வெறிநாய் ஊசி போடணும், நாலுத்துக்கும்."

"மருந்து கொஞ்சந்தாம்மா இருக்குது. முன்னாடியே சொல்லி வச்சவங்களுக்கே சரியாப் பூடும். அடுத்த மாசம் உங்க ஒலக்கூர் பக்கமே முகாம் போடுவாங்க, அப்ப போட்டுக்க."

"அதுவரைக்கும் ஆவாதுங்க. தெருப் புள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு கேட்டு வச்சிருக்குதுங்க. சாயந்தரமே வாசல்ல வந்து நிக்கும். ஊசி போடாம நான் குடுக்க மாட்டேன்."

"சரி, மூணுக்கு மட்டும் போட்டுக்கினு போ."

வேணி சடாரென்று எழுந்துவிட்டாள். "மீதி ஒண்ண எந்த வூட்டுப் புள்ள கையில குடுக்கச் சொல்றீங்க? நீங்களே சொல்லுங்க!"

இத்தனை பேருக்கு முன்னால் அவள் குரல் இப்படி உடையும் என்று விருத்தாசலம் எதிர்பார்க்கவில்லை.

"பேஜாரா போச்சி," என்று முணுமுணுத்தார் அரிபிரசாத். ஆனாலும் நல்ல மனசு. "எங்க டாமிக்கு இன்னிக்கே போடணும்னு ஒண்ணும் அவசரமில்லப்பா. அந்தம்மாவ மொதல்ல உள்ள அனுப்பு."

டாக்டர் பரிமளா ஒவ்வொரு குட்டியாக மேசையில் தூக்கி வைத்து, காது, பல், வயிறு எல்லாம் பார்த்தார். ஓர் உண்ணிகூட இல்லை. வயிறு நிறையத் தின்ற குட்டிகள்.

"நல்லா வளர்த்திருக்கீங்களே! மூணு மாசம் ஆச்சா? தாய் நாய் எங்க?"

"ஆச்சிங்க. தாயி, இதுங்க கண்ணு முழிச்ச கொஞ்ச நாள்லயே செத்துப்போச்சி."

"ஹைவே பக்கம் வீடா? லாரி அடிச்சிருக்கும், பாவம்." பரிமளாவே கேள்வியும் கேட்டு, பதிலும் சொல்லிக்கொண்டார். ஒலக்கூர்ப் பக்கமிருந்து வருகிற நாய்களில் பாதி லாரியில் அடிபட்டவைதான். வேணி பெட்டியின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ பால் யார் குடுத்தது?"

"எம் புள்ளதாங்க. பள்ளிக்கூடம் உட்டு ஜல்தியா ஓடியாந்துடுவான். பாட்டில்ல ஊத்தி, ஒண்ணு ஒண்ணா மடியில போட்டுக்கினு குடுப்பான்."

குட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதும், வேணி கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பிடித்தாள்.

"மேடம், லேசா பல்லு பட்டாக்கூட பெரியாஸ்பத்திரிக்குப் போவணுங்களா?"

"கண்டிப்பா. சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில நல்லாக் கழுவிட்டு, அன்னிக்கே போய் ஊசி போட்டுக்கணும். விட்டுட்டா, நோய் வந்தப்புறம் காப்பாத்த மருந்தே கிடையாது."

"குட்டி போட்ட நாயி, குட்டியத் தொட்டா கோவத்துல கடிக்குமே. அதுக்குமா?"

"அதுக்கும்தான். கோவத்துல கடிச்சுதா, நோயில கடிச்சுதான்னு நமக்கு எப்படிம்மா தெரியும்?"

"குட்டி போட்ட நாயி கடிச்சா ஒண்ணும் ஆவாதுன்னு சொல்றாங்களே. சுண்ணாம்பு தடவுனா போதும்னு..."

"யார் சொன்னாலும் கேக்காதீங்க! சுண்ணாம்பு, மிளகாத்தூள் எதுவும் தடவக் கூடாது."

வேணி அந்த ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடம் செய்கிறவள்போல் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது.

"இன்னொரு தபா சொல்லுங்க மேடம். குட்டிய வாங்க வர்ற எல்லாப் புள்ளைங்களுக்கும் நான் சொல்லணும்."

பரிமளா சலிக்காமல் மறுபடியும் சொன்னார். நாலாவது குட்டிக்கும் ஊசி போட்டு முடித்தார். இப்படி அக்கறையாகக் கேட்கிற ஆட்கள் அவருக்குத் தினமும் கிடைப்பதில்லை. மனசு நிறைந்து போய் வேணியின் தோளைத் தட்டினார்.

"அடுத்த மாசம் இன்னொரு ஊசி இருக்கு. நாலையும் மறக்காம கொண்டாரச் சொல்லுங்க. உங்க பையனையும் கூட்டிட்டு வாங்க. பால் குடுத்து வளர்த்தவன் பிடிச்சா குட்டிங்க பயப்படாது. இதையெல்லாம் நானே அவனுக்கும் சொல்றேன்."

வேணி குட்டியைப் பெட்டிக்குள் விட்டாள்.

"இதுங்க தாயி கடிச்சித்தாங்க அவன் செத்தான்."