பச்சைப் புள்ளி

என் மச்சான் சொல்லும் இந்தக் கதையைப் பல வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை. அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

ஆபீசில் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. "சர்வர், ரெண்டு காபி" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஏஜென்ட் என்று ஒரு குட்டி மென்பொருள். யார் சீட்டில் இருக்கிறார், யார் எழுந்து போனார் என்று சர்வருக்குக் கோள் சொல்வதே அதன் பிழைப்பு. பழைய சர்வரை மூடப் போகிறார்கள். ஏஜென்ட்களையெல்லாம் புதுசுக்கு மாற்றும் பொறுப்பு அவனுக்கு வந்தது.

எல்லாவற்றையும் மாற்றினான், கணக்குப் பிரிவு அக்காவுடையதைத் தவிர.

அக்காவின் புருஷன் படுத்த படுக்கை. மத்தியானம் ஓடிப்போய் அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வருவாள். விட்ட வேலையைச் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு முடிப்பாள். பழைய சர்வர் சொன்னதை யாரும் படித்ததில்லை. புதுசோ, நாற்காலி காலியானதுமே மேலிடத்துக்குச் சொல்லிவிடும்.

"உங்களை மட்டும் அதுல சேர்க்கலைக்கா. மூச்சு விடாதீங்க."

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கூடப்பொறந்தவன் இல்லைன்னு யாரு சொன்னா?"

கொஞ்ச நாளில் ஆள்குறைப்பு வந்தது. தலைமை அலுவலகத்து அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

சுவரில் திரை. வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அக்கா பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

"ஒரு நாள்கூட நீங்க சீட்ல உட்கார்ந்ததாப் பதிவே இல்லையேம்மா. எதுக்குச் சம்பளம் வாங்கறீங்க?"

அக்கா யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கைக்குட்டையை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், இனி மடிக்க முடியாது என்றானதும் எழுந்து போனாள்.

அதன்பிறகு புருஷனைப் புரட்டிப் படுக்க வைக்க அவளுக்கு நாள் முழுக்க நேரம் இருந்தது. மருந்துக்குத்தான் வழியில்லை. அவர் அதிக நாள் தாங்கவில்லை.

"நல்லதுதான் நினைச்சேன். எனக்கு விஷயம் தெரியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று ஒவ்வொரு தடவையும் மச்சான் கண் கலங்குவான். நாங்களும் அவன் தோளைத் தட்டிக் கொடுப்போம்.

நேற்றும் சொன்னான். இந்தத் தடவை கேட்டே விட்டேன்.

"சாத்தின கதவுக்குள்ள அக்கா கைக்குட்டையை மடிச்சதை, நீ எங்க நின்னு பார்த்தே மச்சான்?"