இந்த வேலை தெரிந்தவர் இங்கு இல்லை

பேனாவைத் திறந்துவிட்டாள். கையெழுத்துதான் பாக்கி.

காகிதத்தில் ஆங்கிலத்தில் நான்கு வரி. இந்தத் தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவில் ரோபோக்களை இயக்கும் வேலையை முழுமையாக அறிந்த இந்தியர் எவரும் இல்லை. ஆகவே தென்கொரியாவைச் சேர்ந்த பிரிவுத் தலைவர் பெக் சொன்யங்கின் வேலை விசாவை மேலும் ஓராண்டு நீட்டித்துத் தர வேண்டுகிறோம்.

கீழே அவள் பெயர் தயாராக அச்சாகியிருந்தது. மேகலா, துணைப் பிரிவுத் தலைவர்.

எதிரே மனிதவள மேலாளர் தேவசகாயம். விசா நீட்டிப்புக்கு இப்படி ஒரு சான்று கேட்கிறார்கள் என்றார். அந்தப் பிரிவில் இருப்பவரே எழுதிக் கொடுத்தால் மறுகேள்வி வராது என்றார்.

அவளுக்கு அந்த வேலை தெரியும். அது அவருக்கும் தெரியும்.

ஐப்பசியில் பெக்கின் தாயார் இறந்துபோனார். மூன்று வாரம் பெக் இங்கே இல்லை. ஒரகடத்தில் அடைமழை. காற்றில் ஈரம் ஏறினால் கார்மீது பெயிண்ட் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி புள்ளி புள்ளியாக விழும். மேகலா தனியாக நின்று ஆறு ரோபோக்களின் வேகத்தையும் மாற்றி அமைத்தாள்.

ஒரு கார்கூடக் குறை என்று திரும்பி வரவில்லை.

ஊரிலிருந்து வந்த அன்று பெக் ஒரு கார்க் கதவின்மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தாள். பக்கத்துக் கதவையும் தடவிப் பார்த்தாள்.

பெக் போனால் அவள் இடம் மேகலாவுக்கு.

பிரிவுத் தலைவருக்குப் பகல் வேலை மட்டும்தான். மேகலாவுக்குப் பன்னிரண்டு வருடமாக வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். இரண்டாவது ஷிப்ட் வாரங்களில் அவள் மகள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிவிடுவாள்.

தேவசகாயம் வற்புறுத்தவில்லை. வேண்டாமென்றால் கிழித்துப் போட்டுவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க பொண்ணு பன்னெண்டாவதும்மா. இன்டர்நேஷனல் ஸ்கூல், மே மாசம்தான் பரீட்சை. ஜனவரி கடைசியில விசா முடியுது."

அந்தப் பெண் யூனாவை மேகலாவுக்குத் தெரியும். பதினோரு வயதில் வந்தவள். தகப்பன் இல்லை. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் அம்மாவுடன் வந்து, தரையில் சம்மணமிட்டு எல்லோருக்கும் பொரிகடலைப் பொட்டலம் கட்டுவாள்.

மேகலா கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்குப் போய் மகளிடம், அடுத்த வாரமும் இரண்டாவது ஷிப்ட்தான் என்றாள்.

விசா வந்தது. அத்துடன் சான்றின் நகலும் பெக்கின் கைக்கு வந்தது.

அன்று கேன்டீனில் மேகலாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். பெக்கின் தமிழ் கேன்டீனில் கற்றது. அதில் 'நீ' மட்டும்தான் உண்டு. மேலாளரையும் 'நீ' என்பாள்.

"நீ எழுதினது பொய்."

"ஆமா."

பெக் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து மேகலாவின் தட்டில் வைத்தாள்.

அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மார்ச்சில் பதவி உயர்வுப் பட்டியல் ஒட்டினார்கள். பக்கத்து யூனிட்டில் பெயிண்ட் பிரிவுத் தலைவர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. மேகலாவின் பெயர் இல்லை. அந்த வேலை தனக்குத் தெரியாது என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்று மேலிடத்தில் கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது தேவசகாயம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பரவாயில்லை சார் என்றாள்.

பரவாயில்லை என்பது உண்மையில்லை. பெண்கள் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பட்டியலின் முன்னால் பெக் வெகுநேரம் நின்றிருந்ததை அவள் பார்க்கவில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

மே மாதம் ஒரு புதன்கிழமை யூனாவின் கடைசிப் பரீட்சை முடிந்தது.

வியாழக்கிழமை காலை பெக் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில், இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்பவர் இங்கே இருக்கிறார் என்று எழுதி, மேகலாவின் பெயரையும் எழுதியிருந்தாள்.

கொடுத்துவிட்டு நேராகப் பெயிண்ட் பிரிவுக்கு வந்தாள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று மேகலாவிடம் சொன்னாள்.

மேகலாவுக்குக் கோபம்தான் வந்தது. ஜனவரிவரை விசா இருக்கிறதே என்றாள். நாற்பத்தாறு வயதில் எங்கள் ஊரில் யாரும் வேலை தரமாட்டார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள். யூனா இனிமேல்தானே கல்லூரிக்குப் போகவேண்டும் என்றாள்.

பெக் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"இன்னும் எட்டு மாசம் இருக்கு. அது உன்னோடது. நான் எடுக்க மாட்டேன்."

அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று மேகலா கேட்டாள்.

தெரியவில்லை என்றாள் பெக்.

சங்கு ஊதியது. அன்றைய முதல் கார், நிறம் ஏறாத சாம்பல் கூடாக, கண்ணாடிக்குள் நகர்ந்து வந்து நின்றது. கட்டுப்பாட்டுப் பலகையில், ரோபோக்களை ஓடவிடும் பொத்தானின் பச்சை விளக்கு எரிந்தது.

ஆறு வருடமாக அந்த விளக்குக்கு முதலில் நீளும் கை பெக்கினுடையது.

மேகலா காத்திருந்தாள்.

பெக் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.