அந்தப் பக்கத்துக் குரல்

அக்கரப்பத்தனைப் பாதையை மறித்து மண் சரிந்து கிடந்தது. ஆட்டோவை விட்டு இறங்கவே முடியாத மழை.

சிங்கள மருத்துவிச்சி குசும் மிஸ்ஸியின் மடியில் கிடந்த போன் ஒருமுறை அடித்து நின்றது. மிஸ்ட் கோல்.

வலி வந்தால் ஒரு மிஸ்ட் கோல் கொடுங்கள், நானே திருப்பி எடுக்கிறேன் என்று தேயிலைத் தோட்டம் தோட்டமாகச் சொல்ல வைத்தவள் அவள்தான். அவளுடைய இலக்கத்தை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர்களில் கரியால் எழுதி வைத்திருந்தார்கள்.

உடனே திருப்பி எடுத்தாள்.

"மிஸ்ஸி, நான் அம்மாக்கண்ணுங்க. நம்ம சண்முகவடிவுக்கு வலி எடுத்திருச்சு, தல தெரியுதுங்க. மத்தவங்கல்லாம் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிட்டாங்க. லொறி வர வழியில்லைங்க."

மிஸ்ஸிக்குப் புரிந்தது 'வலி' ஒன்றுதான். பழைய மருத்துவிச்சி லீவில் போனதால் மாற்றாக வந்தவள். யாரையும் இன்னும் முகம் பார்த்துப் பழகவில்லை. போன் இருந்து என்ன செய்ய, பாஷை இல்லையே.

அப்போது ஒரு பெண்குரல் சிங்களத்தில் குறுக்கிட்டது. சுத்தமான சிங்களம். கொழும்பில் வீட்டு வேலை பார்த்துத் திரும்பிய பிள்ளை போலும்.

"சொல்லுங்க மிஸ்ஸி. அம்மாக்கண்ணு அக்காவுக்கு நான் தமிழ்ல சொல்றேன்."

மிஸ்ஸிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். குரல் அதைத் தமிழில் சொன்னது. தலையை இழுக்கக் கூடாது, வரும்போது தாங்கிப் பிடித்தால் போதும் என்றாள். அதையும் சொன்னது.

நடுநடுவே குரல் நின்று போனது. சிக்னல்தான் வெட்டுகிறது என்று மிஸ்ஸி போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். சிக்னல் முழுசாக இருந்தது.

பொறுமைக்குப் பேர்போனவள் இல்லை அவள்.

"அங்க ஒரு உயிர் போராடுது, நீ என்ன மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிற? சட்டுனு சொல்லு" என்று ஒரு பிடி பிடித்தாள்.

"சரி மிஸ்ஸி" என்றது குரல். கோபமே இல்லை.

பிறகு நெடுநேரம் பேச்சில்லை. மிஸ்ஸி புத்தரைக் கூப்பிட்டாள். போதாதென்று வழியில் பார்த்த கோயில்களின் சாமிகளையும் கூப்பிட்டாள்.

குழந்தை வீரிட்டது.

துடைத்துத் தாயின் மார்மேல் போட்டுப் போர்த்தச் சொன்னாள். அழுகை போனுக்குள்ளேயே இருப்பதுபோல அவ்வளவு கிட்டத்தில் கேட்டது. ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

நஞ்சுக்கொடியும் வந்து விழுந்தது. ஆனால் இரத்தம் நிற்கவில்லை என்றது குரல்.

மிஸ்ஸி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொப்புளுக்குக் கீழே வயிற்றை, கருப்பை கல்லாகக் கெட்டியாகும் வரை தேய்க்கச் சொன்னாள். பிள்ளையைப் பால் குடிக்க விடச் சொன்னாள். குரல் ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னது, இப்போது ரொம்ப மெதுவாக.

"குறையுது மிஸ்ஸி."

எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி. பார்த்ததும் இவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று மிஸ்ஸிக்கு ஆசையாக இருந்தது.

முன்னால் நாலைந்து பேர் மண்வெட்டியோடு இறங்கியிருந்தார்கள். பாதை எப்படியும் திறந்துவிடும்.

"இனி தாயைத்தான் பார்க்கணும். அவள மயங்க விட்டுடாத. நான் வந்து சேர்ற வரைக்கும் அவளோட ஏதாவது பேசிக்கிட்டே இரு."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"தாய் நான்தான் மிஸ்ஸி" என்றது குரல். "நீங்க பேசிக்கிட்டே இருங்க."