சுவரில் தொங்கிய கொக்கி

அமெச்சூர் ரேடியோப் போட்டியில் நான் எட்வினை முந்திய பிறகு அவர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டது அன்றுதான் முதல்முறை. அவர் சொந்தமாகக் கட்டிய ஆம்ப்ளிஃபயர் மூடி கழற்றிய நிலையில் மேசைமேல் இருந்தது.

"உள்ள ஒரு ஒயர் விட்டுப்போச்சு சார். நீங்கதான் பாக்கணும். ப்ளக்கைப் புடுங்கி, கெபாசிட்டரையும் எர்த் பண்ணிட்டேன்."

ப்ளக்கைப் பிடுங்கினாலும் கெபாசிட்டருக்குள் மூவாயிரம் வோல்ட் உட்கார்ந்திருக்கும். அதை மண்ணுக்கு இறக்கி எர்த் செய்யும் கொக்கியை வேலை முடியும்வரை கெபாசிட்டரிலேயே மாட்டிவைப்பது எங்கள் வழக்கம். அந்தக் கொக்கி சுவரில் தொங்கியது.

"ஏன் கழட்டினீங்க?"

"உங்களுக்கு இடைஞ்சலா இருக்கும்னுதான்."

நான் குனிந்தேன். எந்த ஒயர் என்று கேட்டேன். அவர் வலது கை விரலை நீட்டினார். விரல் ஒரு சாண் தள்ளியே நின்றது. இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. பெட்டியில் கரண்ட் இருக்கும்போது, அது நெஞ்சு வழியாகப் பாயாமலிருக்க ஒரு கையை ஒளித்துக்கொள்வது எங்களுக்கு ஊறிப்போன பழக்கம்.

நான் மெல்ல நிமிர்ந்தேன்.

"முதல்ல நீங்க தொட்டுக் காட்டுங்க."

எட்வின் சிரித்தார். அவர் பார்வை மட்டும் சுவரிலிருந்த கொக்கிக்குப் போனது.