எலி கடித்த விளக்கு

“எலிதான்,” என்றார் கெர்லோஃப், காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் கேரவனுக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி. “குளிர்காலம் முழுக்க அந்தப் பண்ணைக்காரன் கொட்டகையில நின்னுச்சுல்ல? ஒயரைத் தின்னுட்டுப் போயிருக்கு.”

பின்னால் நின்ற அவர் மனைவி ரின்ஸ்கா எட்டாவது தடவையாக, “எரியல” என்றார். இடதும் இல்லை, வலதும் இல்லை, பிரேக் விளக்கும் இல்லை. காருக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தவர் எதிர்வீட்டு வீப்ரன்.

மணி பத்தரை. பன்னிரண்டுக்குள் கிளம்பினால்தான் மாலைக் கப்பலைப் பிடிக்கலாம்; அதை விட்டால் திங்கட்கிழமைதான் இடம். மகளுக்கு ஸ்காட்லாந்தில் சனிக்கிழமை கல்யாணம். சீர்வரிசையே இந்தக் கேரவன்தான். சொந்த வீடு கட்டி முடிக்கும்வரை மணமக்கள் இதில்தான் குடியிருக்கப் போகிறார்கள். கல்யாண கவுன் உள்ளே அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கு எரியாத வண்டியோடு நெடுஞ்சாலை ஏறினால் முதல் பாலத்திலேயே போலீஸ் ஓரங்கட்டிவிடும்.

வீப்ரன் நாற்பது வருடம் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் இன்றுதான் பயணம், தன் கேரவனோடு பிரான்சுக்கு. ஆனால் போக மனமில்லை. சனிக்கிழமை ஓர்லியான் பந்தயத்தில் அவருடைய பெண்புறா பறக்க வேண்டும்; அங்கே திறந்துவிட்ட புறா கூடு திரும்பும் நேரத்தைக் குறிக்க அவர் வீட்டில் இருந்தாக வேண்டும். நாலு வருடமாகப் பழக்கிய புறா. மூன்று நாள் தள்ளிப் போகலாமே என்று மனைவி ஹிஸ்காவிடம் கெஞ்சிப் பார்த்தார். ஜனவரியிலேயே இடம் பதிவு செய்தாகிவிட்டது என்று ஹிஸ்கா சொல்லிவிட்டார். காலையிலிருந்து வீப்ரனின் முகம் தொங்கிக் கிடந்ததற்குக் காரணம் தெருவுக்கே தெரியும்.

நடுவில் ஒரு நடை போய்த் தன் கேரவனையும் சோதித்துவிட்டு வந்தார். எல்லாம் எரிகிறதா என்று ஹிஸ்காவிடம் மூன்று தடவை கேட்டது கெர்லோஃபின் காதில் விழுந்தது. “கிறிஸ்துமஸ் மரம் மாதிரி எரியுது. நீ வந்து ஏறுறியா, நான் மட்டும் போகட்டுமா?” என்றார் ஹிஸ்கா. தொழில்காரன் தொழில்காரன்தான், எதையும் மூன்று தடவை பார்க்காமல் விடமாட்டான் என்று கெர்லோஃப் நினைத்துக்கொண்டார்.

கேரவன் விளக்குகளைக் காரோடு இணைக்கும் பிளக்கின் பதின்மூன்று பின்களையும் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாயிற்று. பல்புகளை மாற்றியாயிற்று. வீப்ரன் காரின் ஃப்யூஸ் பெட்டிப் பக்கம் கையைக் கொண்டுபோனபோது கெர்லோஃப் தடுத்துவிட்டார். “அதைத் தொடாதே. போன வாரம்தான் அத்தனையும் என் கையால புதுசு மாட்டினேன்.”

தெருவே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனை. இரண்டு சைக்கிள் விளக்கைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடலாம் என்றார் தபால்கார அம்மா. மூன்றாவது சுற்றுக் காப்பிக்குப் பிறகு ரின்ஸ்கா நிஜமாகவே கயிறு தேடப் போனார்.

பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது வீப்ரன் கடைசி வழியைச் சொன்னார். தன் காரைக் கொண்டுவந்து கெர்லோஃபின் கேரவனில் மாட்டிப் பார்ப்பது. இரண்டும் ஒரே கார்தான். சேர்ந்து வாங்கினால் விலை குறைப்பதாக விற்பனைக்காரன் சொன்னதால் ஒரே நாளில் எடுத்தவை, இரண்டும் அதே சாம்பல் நிறம். கேரவன்கள் வாசலை அடைத்துக்கொண்டதால் நேற்று மாலை இரண்டும் தேவாலயச் சுவரோரம் ஒட்டி நின்றிருந்தன, இந்தத் தெரு வழக்கப்படி பூட்டாமல்.

வீப்ரனின் காரில் மாட்டியதும் இடது எரிந்தது, வலது எரிந்தது, பிரேக் எரிந்தது. ரின்ஸ்கா கையில் கயிற்றோடு, “எரியுது” என்றார்.

அப்படியானால் கேரவனில் கோளாறில்லை, கெர்லோஃபின் காரில்தான். வீப்ரன் ஒரு காரைப் பார்த்தார், மறு காரைப் பார்த்தார். கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது.

“கெர்லோஃப், போய் எனக்கு ஒரு காப்பி கொண்டா.”

“இப்பவா?”

“இப்பவேதான். பால் ஊத்தி.”

கெர்லோஃப் காப்பியோடு திரும்பியபோது அவருடைய காரிலேயே பிளக் மாட்டியிருந்தது. கேரவனின் பின்புறம் சிவப்பாக ஜொலித்தது. தெரு எழுந்து கைதட்டிவிட்டு நாற்காலிகளை மடக்கியது. பேரன் பிறந்தால் வீப்ரன் என்றுதான் பெயர் வைக்கச் சொல்வேன் என்று கெர்லோஃப் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப எலி இல்லியா?”

“இல்ல. ஃப்யூஸ்.”

“அதான் புதுசு மாட்டினேனே.”

“புதுசுதான். நல்லாவும் இருந்துச்சு. இடத்துலதான் இல்ல.”

“பின்ன எங்கய்யா இருந்துச்சு? வழியில மறுபடி போனா நான்தானே பார்க்கணும், சொல்லு.”

எதிர்ப்பக்கம் ஹிஸ்கா இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்குக் கேட்காதபடி வீப்ரன் குரலைத் தாழ்த்தினார்.

“என் கோட்டுப் பையில. நேத்து மழையில, இதை என் காருன்னு நினைச்சுப் பிடுங்கிட்டேன்.”