பன்னிரண்டாவது துண்டு

கிண்ணத்தில் பதினொரு கம்பித் துண்டுகள்தான் இருந்தன.

பன்னிரண்டு இருக்க வேண்டும்.

ராணுவ ஹெலிகாப்டரின் இன்ஜினில், காற்றை இழுக்கும் வாயைச் சுற்றிப் பன்னிரண்டு கம்பிக் கட்டுகள். போல்ட்டுகள் அதிர்ந்து கழன்றுவிடாமல் முறுக்கிக் கட்டி, மிச்ச நுனியை வெட்டிக் கிண்ணத்தில் போடுவார்கள். பரிசோதகர்களில் ஒருவர் நுனிகளை எண்ணிய பிறகே, அவருடைய எண் பொறித்த முத்திரை வேலைத்தாளில் விழ வேண்டும்.

நேற்று மாலையே முத்திரை விழுந்துவிட்டது. தாளும் அலுவலகக் கோப்புக்குப் போய்விட்டது.

பட்டறை முழுக்கக் 'கறார் அக்கா' என்று அழைக்கும் பரிசோதகர், இன்ஜினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூடியைப் பூட்ட வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போகத் தயங்கினார்கள்.

பத்து மணிக்குப் பெரிய அதிகாரி ஏறுகிறார் என்று தலைமைப் பொறியாளர் மூன்றாம் முறையாகச் சொன்னார். துண்டு யார் பூட்ஸிலாவது ஒட்டிக்கொண்டு போயிருக்கும், குப்பையோடு கூட்டித் தள்ளியிருப்பார்கள் என்றார். ஊசிக்காக யானையைப் பிரிக்கச் சொல்கிறாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வர, இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே நிமிடத்துக்கு நாற்பதாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் தகடுகள். அவை உடைந்து சிதற நகக்கண் அளவு எஃகு போதும்.

தலைமைப் பொறியாளர் குரலைத் தாழ்த்தினார்.

"பிரிச்சா, எண்ணாம முத்திரை குத்துன ஆளோட வேலை போயிடும்மா. ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். அந்தப் பாவம் உனக்கு வேணுமா?"

"வேணும் சார். பிரிங்க."

அப்போது விமானி வந்தார். தாமதத்துக்குச் சண்டை போடத்தான் வருகிறார் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். அவர் கிண்ணத்தை வாங்கி ஒருமுறை எண்ணினார். பிறகு டார்ச்சை எடுத்து, அவளுக்குப் பிடித்தார்.

அவ்வளவுதான். சற்றுமுன் சிரித்தவர்களே ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவருடைய நல்ல மனம் பக்கத்தில் இருப்பவரிடம் அப்படித்தான் தொற்றிக்கொள்கிறது.

இடுக்கியை உள்ளே விடுமுன் அவள் கண்ணை மூடினாள். துண்டு கிடைக்கட்டும் என்று கடவுளைக் கேட்கவில்லை. கை நடுங்காமல் இருந்தால் போதும் என்றுதான் கேட்டுக்கொண்டாள்.

பெரிய அதிகாரியின் கார் வந்தது. நின்றது. திரும்பிப் போனது.

பதினொன்றரை மணிக்கு, முதல் வரிசைத் தகடுகளின் அடியில் அகப்பட்டது. ஒரு அரிசி நீளம்கூட இல்லை. விமானி அதை உள்ளங்கையில் வாங்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமைப் பொறியாளரின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. எவன் குத்திய முத்திரை என்று இப்போதே தெரிந்தாக வேண்டும், அந்தக் கோப்பைக் கொண்டுவா என்று குமாஸ்தாவை விரட்டினார்.

குமாஸ்தா ஓடத் திரும்பினார்.

வேண்டாம் என்று அவள் கைகாட்டினாள். சட்டைப் பையிலிருந்து தன் முத்திரையை எடுத்து, எண் மேலே தெரியும்படி, தலைமைப் பொறியாளர் முன்னால் வைத்தாள்.